பன்னிரண்டாயிரம் பனியனிலும் இல்லாதவர்

துணியிலிருந்து அச்சு உரிந்து வருவது எங்கள் ஊரில் ஓர் அதிசயமே இல்லை. பிரிண்ட் போட்ட பனியனை கியூரிங் மெஷினின் பெல்ட்டில் படுக்க வைத்து, நூற்றறுபது டிகிரிச் சூட்டில் பொறுமையாக வேகவிட்டு எடுத்தால்தான் மை துணியைப் பிடித்துக்கொள்ளும். அரைவேக்காட்டில் எடுத்தால் முதல் துவைப்பிலேயே புலிக்கு மீசை போகும், இல்லையென்றால் இங்கிலீஷ் எழுத்தில் பாதி போகும் என்பது திருப்பூரைச் சுற்றி இருபது மைலுக்குப் பல் முளைக்காத குழந்தைக்கும் தெரியும். ஆகவே ஊஞ்சமரத்தோட்டம் லைன் வீடுகளில், அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, துவைக்கிற கல்லில் ஓங்கி அடித்த பனியனிலிருந்து வாளும் கவசமுமாக ஆறடி உயரத்தில் ஓர் ஆள் உரிந்து எழுந்து நின்றபோது, அடித்துக்கொண்டிருந்த பாப்பாத்தி சொன்னது இவ்வளவுதான்: "முத்துக்குட்டி மறுக்காவும் பெல்ட்ட வேகமா உட்டுட்டான் பாருங்க."

முத்துக்குட்டி கியூரிங் மெஷின்காரன். வெள்ளிக்கிழமை அவன் மச்சான் மகளுக்குக் காதுகுத்து. லேட்டாகப் போனால் கறியில் எலும்புதான் மிஞ்சும் என்று பயந்து பெல்ட்டை இரண்டு பங்கு வேகத்தில் ஓட்டிவிட்டு ஓடியிருந்தான். காரணம் அவ்வளவே. அதற்கு மேல் எங்களுக்கும் தெரியாது, கேட்டவர்களும் இல்லை.

வந்த ஆள் யார் என்பதை ரிஷிகேசவன் சொன்னார். அவர் எங்கள் வேலாத்தாள் பிரிண்டர்ஸின் மெர்ச்சண்டைசர், அதாவது வெளிநாட்டு பையரோடு இங்கிலீஷில் பேசி ஆர்டர் வாங்கிவிட்டு எங்களோடு தமிழில் பேசித் திட்டு வாங்குகிறவர். அந்த ஆர்டர் 'சாம்பல் ராஜ்ஜியம்' என்ற வீடியோ கேமுக்கானது. ஐந்து பாகம் வந்த கேம் அது. குளிர் தேசங்களில் பெரியவர்கள்கூட வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு விளையாடுவது. அதில் தங்களுக்குப் பிடித்த பாத்திரம் எது என்று லட்சக்கணக்கில் ஓட்டுப்போட்டு, முதலில் வந்தவர்களைப் பனியனில் போடச் சொல்லியிருந்தார்கள். முதலில் வந்தவன் வீரன் கோர்வான், அவன் பனியனின் நடுவில். இரண்டாவது வைத்தியக்காரி ஓரின்யா, அவள் கோர்வானின் தோளுக்குப் பின்னால். அடியில் இடது மூலை வெறிச்சென்று இருந்ததால், ஓட்டில் பதினேழாவது வந்த சுமைதூக்கி பர்தோவைக் கட்டைவிரல் உயரத்தில் அங்கே போட்டிருந்தார்கள். அப்படிப் பன்னிரண்டாயிரம் பனியன் அடித்து, சிவப்பு மை நூலளவு விலகிப்போனதை எல்லாம் செக்கிங்கில் கழித்து, நல்லதைப் பெட்டியில் போட்டு ஒட்டி, கழித்ததை வழக்கம்போல ஆளுக்கு நாலாகப் பங்கு போட்டுக்கொண்டோம்.

கழித்தவள் சம்பூர்ணம். செக்கிங் டேபிளில் பத்தொன்பது வருஷமாக நிற்பவள். இடது கையில் எப்போதும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் தாள் ஒன்று இருக்கும். எங்கே குறையோ அங்கே ஓர் அம்பை ஒட்டுவாள். பனியனோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. பெண் பார்க்க வந்த ஏழு பேரையும் அதே கண்ணால் பார்த்து, ஒருவருக்கு வலது மீசை கால் இஞ்ச் தூக்கல் என்று காபி கொடுக்கும்போதே சொல்லி அனுப்பினாள். இப்போது நாற்பத்தொரு வயது, தனி வீடு. எட்டாவது ஆளைக் கூட்டிவர ஊரில் யாருக்கும் தைரியம் இல்லை.

அன்று எல்லாரும் அடித்துத் துவைத்துக்கொண்டிருக்க, பாப்பாத்தி பனியனிலிருந்து கோர்வானும் பக்கத்துக் கல்லிலிருந்து ஓரின்யாவும் எழுந்துவிட்டார்கள். சம்பூர்ணம் மட்டும் துணியை அரைமணி நேரம் ஊறப்போட்டுத்தான் கை வைப்பாள். அவள் வாளியில் கை விட்டபோது, கட்டைவிரல் உயர மனிதர் ஒருவர் நுரைக்குள்ளிருந்து எழ எழ வளர்ந்து, அவள் தோள் உயரத்துக்கு வந்து நின்றார். முதுகில் ஒரு தோல் பை. விளையாட்டில் என்ன பாஷையோ, எங்கள் உப்புத் தண்ணீரில் துவைத்ததில் மூவரும் தமிழே பேசினார்கள், கொஞ்சம் மேடைத் தமிழ்.

"அம்மையே, என் பை நனைந்துவிட்டது," என்றார்.

சம்பூர்ணம் ஸ்டிக்கர் தாளை எடுத்தாள். இடது கண் காதுப் பக்கம் அரை இஞ்ச் விலகியிருந்தது, ஓர் அம்பு. மூக்கு நுனியில் மை திட்டு, ஓர் அம்பு. இப்படி நெற்றி முதல் மோவாய் வரை பதினான்கு அம்பு ஒட்டி முடிக்கும்வரை அவர் ஆடாமல் நின்றார். முடிந்ததும், "ஐந்து பாகங்களிலும் என் முகத்தை இவ்வளவு நேரம் யாரும் பார்த்ததில்லை," என்றார்.

பத்தொன்பது வருஷத்தில் எந்த டிஃபெக்டும் சம்பூர்ணத்துக்கு நன்றி சொன்னதில்லை. அவள் பதினான்கு அம்பையும் ஒவ்வொன்றாக, தோல் இழுக்காமல், உரித்து எடுத்தாள்.

கோர்வான் வந்த அன்றே வீடு வீடாகப் புகுந்தான். கேமில் வீரன் என்றால் யார் வீட்டுக்குள்ளும் கதவைத் தட்டாமல் போகலாம், பீரோவைத் திறக்கலாம், பானையைக் கண்டால் உள்ளே பொற்காசு இருக்கும் என்று உடைக்கலாம், வீட்டுக்காரர் வாயே திறக்கமாட்டாராம். எங்கள் தெருவில் திறப்பார்கள். "ஏனுங்க, கவசம் போட்டுக்கிட்டா செருப்பக் கழட்ட வேண்டாம்னு ஆரு சொன்னது?" என்று பாப்பாத்தி வாசலில் மறித்ததில், அவன் உட்கார்ந்து இரும்புச் செருப்பின் பதினெட்டுக் கொக்கியையும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனான். பானை உடைக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. அதனால் வாசலுக்கு வாசல் கீறல் விட்ட ஒரு பழைய பானையையும் உள்ளே ஒரு தேங்காய் மிட்டாயையும் வைத்தோம். உடைத்து, மிட்டாயை வானத்துக்குத் தூக்கிக் காட்டி, சந்தோஷமாகப் போவான். யாராவது இடுப்பில் கை வைத்துக்கொண்டு சும்மா நின்றால் தனக்கு ஒரு பணி இருக்கிறது என்று ஓடி வருவான் என்பதைக் கண்டுபிடித்த பிறகு, ரேஷன் கடை வரிசையில் தெருவுக்கே அவன் ஒருவன்தான் நின்றான். பருப்பை வாங்கிக்கொண்டு, "நன்றி வீரனே, ராஜ்ஜியம் உன்னை மறவாது," என்று சொன்னால்தான் வாசலை விட்டு நகர்வான், அது ஒன்றுதான் தொல்லை. அச்சில் விலகிய அவனுடைய சிவப்பு மை அவனுக்கு ஒரு சாண் தள்ளியே நடந்து வந்தது. இரண்டு நாளில் அதுவும் கண்ணுக்குப் பழகிவிட்டது.

ஓரின்யா கையை அசைத்தால் பச்சை வெளிச்சம் வரும், வலி போகும். ஒரு நாளைக்கு எட்டுப் பேர்தான்; அப்புறம் விடுதியில் படுத்து எழுந்தால்தான் சக்தி ஊறும். ஊரில் விடுதி ஏது? பாப்பாத்தி வீட்டுக் கயிற்றுக்கட்டிலைக் கொடுத்தோம். பத்து மணி நேரம் நின்று வேலை செய்யும் பெண்களின் மூட்டுவலியெல்லாம் டோக்கன் போட்டுத் தீர்ந்தது. மூன்றாம் பாகத்திலிருந்து அவளையே காதலித்து வந்த ரிஷிகேசவன் கடைசியில் துணிந்து, "கேம்ல நாப்பது நீலக்கல்லு பரிசாக் குடுத்தேனுங்க, ஞாபகம் இருக்குதுங்களா?" என்று கேட்டார். "எல்லோரும்தான் கொடுத்தார்கள்," என்றாள் அவள். மறுநாள் அவர் நெஞ்சுவலிக்கு டோக்கன் வாங்கி வந்தார். ஓரின்யா நெஞ்சில் கை வைத்துப் பார்த்து, உங்களுக்கு ஒன்றுமில்லை, அடுத்தவர் வரலாம் என்றாள்.

ஆனால் எங்கள் தெருவில் ஓட்டெடுப்பு வைத்திருந்தால் ஜெயித்திருப்பவர் பர்தோதான். அவருடைய பையில் எந்தப் பொருளும் தொண்ணூற்றொன்பது வரைக்கும் போகும், கனமே தெரியாது. நூறாவதை வைத்தால் மட்டும் அப்படியே தரையில் உட்கார்ந்து, "இனி ஏற்றாதீர்கள்," என்பார். எட்டு நாளைக்கு ஒரு தடவை வரும் தண்ணீர் லாரியில் அவர் ஒரே நடையில் தொண்ணூற்றொன்பது குடம் பிடித்து வந்து வீட்டுக்கு வீடு இறக்கினார். அன்றோடு எங்கள் தெருவில் குடுமிப்பிடிச் சண்டை நின்று, பேசாதிருந்த ஓரகத்திகள்கூடப் பேச ஆரம்பித்தார்கள்.

அவர் படுக்கை கம்பெனி குடோனில். சாப்பாடு மட்டும் சம்பூர்ணம் வீட்டில். அவள் வாளியிலிருந்து வந்தவர் அவளுக்குத்தானே ஒறம்பரை, விருந்தாளி? முதல் நாள் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்துவிட்டு அவர் நெடுநேரம் மெல்லாமல் இருந்தார்.

"உப்புப் பத்தலீங்களா?" என்றாள்.

"தெரியவில்லை அம்மையே. ஐந்து பாகங்களிலும் எனக்குச் சாப்பிடும் காட்சி கிடையாது."

கேமில் ஒரு நேரத்தில் நாலு பேரைத்தான் பயணத்துக்குக் கூட்டிப்போக முடியுமாம். மற்றவர்கள் கூடாரத்தில் நெருப்பைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். பிடித்தவர்களைத்தான் கூப்பிடுவார்கள், தன்னைக் கூப்பிட்டதாக ஞாபகமில்லை என்று அவர் ரசத்துக்குக் கை ஏந்தியபடியே, குறையாக இல்லாமல் தகவலாகச் சொன்னார். சம்பூர்ணம் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் அழுததைப் பாப்பாத்தி ஜன்னல் வழியாகப் பார்த்து, பத்து நிமிஷத்தில் தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

பதினாறாம் நாள் ஒரு பெட்டியைப் பிரித்த ரிஷிகேசவன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பனியன் வெள்ளை வெளேரென்று இருந்தது. பன்னிரண்டாயிரமும் அப்படித்தான். அச்சு எத்தனை போட்டால் என்ன, ஆள் ஒருத்தர்தானே? அவர்கள் இங்கே பருப்பு வாங்கிக்கொண்டிருக்கும்போது பெட்டிக்குள் எப்படி இருப்பார்கள்? வெள்ளிக்கிழமை பையரின் இன்ஸ்பெக்டர் வருகிறார். இந்த லாட் சரக்கு கழிந்தால் கம்பெனியை மூட வேண்டியதுதான், நாற்பது குடும்பம் தெருவில் நிற்கும் என்று முதலாளி ஆறுச்சாமி தலையில் கை வைத்தார்.

"வேகாம வந்தவிங்கள மறுக்கா வேகவெச்சாப் போயிருவாங்க," என்றான் முத்துக்குட்டி. அவன் வாயிலிருந்து வந்த முதல் உருப்படியான பேச்சு அது.

முதலாளி இடுப்பில் கை வைத்து நின்றதும் கோர்வான் ஓடி வந்து பணியை ஏற்றுக்கொண்டான். ஓரின்யாவும் மறுக்கவில்லை, ஐந்தாம் பாகத்து நரகத்தில்கூடக் கட்டிலில் மூட்டைப்பூச்சி இல்லையாம். புதன்கிழமை காலை இருவரும் ஆளுக்கு ஒரு வெள்ளைப் பனியன்மேல் மல்லாந்து படுத்து, பெல்ட்டில் மெதுவாக உள்ளே போனார்கள். ரிஷிகேசவன் கடைசிவரை ஓரின்யாவின் கால்பக்கம் நடந்தார். மெஷின் மறுபக்கம் இரண்டு பனியன்கள் வெளியே வந்தன. பெட்டிகளைத் திறந்தால் பன்னிரண்டாயிரத்திலும் நடுவில் அவன், தோளுக்குப் பின்னால் அவள், சிவப்பு சிவப்பின் இடத்தில். எல்லாரும் கை தட்டினோம். முத்துக்குட்டி பெல்ட்டை நிறுத்தினான். டீ குடிக்கப் போய்விட்டோம்.

பெல்ட்டுக்கு முன்னால், தலையை வழித்துச் சீவி, பையை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, மூன்றாவது ஆளாக பர்தோ நின்றுகொண்டிருந்தார்.

அவரை மறந்துவிட்டோம் என்றால் தப்பு. அவர் பனியனிலிருந்து வந்தவர் என்பதைத்தான் மறந்துவிட்டோம். சம்பூர்ணம் ஒருத்தி மறக்கவில்லை. ஒரு பீஸை எடுத்து விரித்தாள். இடது மூலை காலி. பையர் ஒப்புக்கொண்ட சாம்பிள் படத்தில் இருப்பது பீஸில் இல்லையென்றால் அது மேஜர் டிஃபெக்ட். இன்ஸ்பெக்டர் கண்ணில் பட்டால் மொத்த லாட்டும் போகும், செக்கிங் சீலில் இருப்பது அவள் கையெழுத்து. ஸ்டிக்கர் தாள் கையில்தான் இருந்தது.

"நான் படுக்கட்டுமா, அம்மையே?" என்றார் பர்தோ.

மெஷின் கொதித்துக்கொண்டிருந்தது. "ஆறிப் போச்சுங்க," என்றாள் சம்பூர்ணம். "வாங்க, டீ குடிக்கலாம்." வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் சொன்ன முதல் பொய் அது. அன்றும் மறுநாளும் அவளால் ஒரு வாய் சோறு இறக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை வந்த இன்ஸ்பெக்டர் முழங்கையில் கோர்வானின் முகத்தைப் பச்சை குத்தியிருந்தார். கேமைக் கரைத்துக் குடித்தவர் என்று அதிலேயே தெரிந்தது. முந்நூற்றுப் பதினைந்து பீஸை எடுத்துப்போட்டு, தையலை எண்ணினார், கழுத்தை இழுத்தார், கோர்வானின் வாளை விரலால் தடவிப் பார்த்துச் சிரித்தார். ஒரு பீஸில் அவர் கை இடது மூலைக்குப் போய் நின்றது. சம்பூர்ணம் டேபிளைப் பிடித்துக்கொண்டாள். அவர் தொங்கிய ஒரு நூலைக் கிள்ளிப் போட்டுவிட்டு, பாஸ் என்று கையெழுத்துப் போட்டார்.

பெட்டிகளைத் தொண்ணூற்றொன்பதாக லாரியில் ஏற்றி முடித்துவிட்டு பர்தோ வந்தார். "அவர் என்னைப் பற்றிக் கேட்டாரா?"

"இல்லீங்க."

"யாருமேயா?"

"ஆருமே கேக்கலீங்க."

"நல்லது," என்றார். பை காலியாக இருந்தது. அதோடு அப்படியே தரையில் உட்கார்ந்து, "இனி ஏற்றாதீர்கள்," என்றார். சம்பூர்ணமும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் இங்கேயே இருக்கக் கிடைத்ததே அவளுக்குப் பெரிய சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை நினைத்து அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

நாலு மாதம் போனது. பர்தோ சுமைதூக்குவோர் சங்கத்தில் உறுப்பினர் ஆனார்; 'அம்மையே' போய், பேச்சில் 'ங்க' ஒட்ட ஆரம்பித்தது. அப்போதுதான் அந்த ஈமெயில் வந்தது. பனியன் வாங்கிய ஒருவர் எழுதியது; பையர் அதைச் சிரிப்புப் பொம்மை போட்டு அனுப்பியிருந்தார். ரிஷிகேசவன் செக்கிங் ஹாலில் நின்று தமிழாக்கி வாசித்தார்: "நான் துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறவன். ஐந்து பாகத்திலும் பர்தோவை ஒரு நாள்கூடக் கூடாரத்தில் விட்டுப் போனதில்லை. வாள்காரனைத்தான் விட்டுப் போவேன். விளம்பரப் படத்தில் மூலையில் அவர் இருந்தார், அதற்காகத்தான் இந்தப் பனியனை வாங்கினேன். வந்ததில் அவர் இல்லை. அவர் எங்கே?"

பர்தோ இரண்டாம் தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "என்னைக் கேட்டிருக்கிறார்," என்றார். பிறகு சம்பூர்ணத்தைப் பார்த்து, "போய்ப் பார்த்துவிட்டு வரட்டுங்களா?"

"போங்க. உங்கள ஆரு புடிச்சு வெச்சா?" என்று எரிந்து விழுந்துவிட்டு, அவள் விறுவிறுவென்று குழாயடிக்குப் போனாள். அவர் பின்னாலேயே போய் நின்றார். பாப்பாத்தியும் போனதால் நடந்தது எங்களுக்குத் தெரியும். "ஏழு பேர்த்தத் திருப்பி அனுப்புனவ நானு," என்றாள் சம்பூர்ணம், மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு. "ஒருத்தரையும் திரும்பி வாங்கன்னு சொன்னதில்லீங்க. உங்களச் சொல்றேன். வந்துருங்க."

தண்ணீர் லாரி வந்து போனதும் கிளம்பலாம் என்று தெருப்பெண்கள் கேட்டுக்கொண்டார்கள். வியாழக்கிழமை ஒரு வெள்ளைப் பனியன்மேல் அவர் பையோடு படுத்தார். வாழ்க்கையில் முதல்தடவையாக, வேண்டுமென்றே அரைவேக்காடாக எடுக்கச் சொன்னதில் முத்துக்குட்டி பெல்ட்டின் வேகத்தை மூன்று தடவை சரிபார்த்தான். கழுத்து லேபிளில் சம்பூர்ணம் சொல்லச் சொல்ல ரிஷிகேசவன் இங்கிலீஷில் எழுதினார்: பச்சைத் தண்ணீரில் அரைமணி நேரம் ஊற வைக்கவும். சாப்பாடு போடவும். கேட்க மாட்டார், நீங்களாக மறுசோறு வைக்கவும். திருப்பி அனுப்பும்போது இதே பனியன்மேல் படுக்க வைத்து, மேலே ஒரு துணி போட்டு லேசாக இஸ்திரி போடவும். சூடு அதிகம் வேண்டாம். தயவுசெய்து சூடு அதிகம் வேண்டாம்.

பனியனைத் துறைமுகக்காரருக்குப் பார்சலில் அனுப்பி இரண்டு மாதமாக ஒரு தகவலும் இல்லை. லாரிச் சண்டை திரும்பவும் ஆரம்பித்து, பாப்பாத்தியின் இரண்டு குடம் நசுங்கியது. அப்புறம் ஒரு சனிக்கிழமை பார்சல் வந்தது.

சம்பூர்ணம் பனியனை டேபிளில் விரித்து, சாம்பிளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இடது மூலையில் அவர். ஓரத்தில் இஸ்திரிப் பெட்டியின் நுனி பட்டுத் துணி பழுப்பேறியிருந்தது. சூடு அதிகம் பட்டுவிட்டதோ என்று முத்துக்குட்டி அதைத் தடவிப் பார்த்தான். சாம்பிளில் அவர் வாய் நேர்கோடு. இதில் இரண்டு ஓரமும் மேலே வளைந்திருந்தது. சாம்பிளிலிருந்து மாறினால் அம்பு ஒட்ட வேண்டும். கை வழக்கத்தில் தாளை எடுத்தது. அவள் அதை டிராயரில் போட்டு மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தெருவே வாளியைச் சுற்றி நின்றது. அரைமணி நேரம் ஊறியது. சம்பூர்ணம் தேய்க்கவில்லை, உள்ளங்கையால் மெதுவாக அமுக்கினாள். வரவில்லை. தண்ணீரை மாற்றினாள். இன்னோர் அரைமணி. வரவில்லை. "வெந்துருச்சாட்ட இருக்குதுங்க," என்று முணுமுணுத்த முத்துக்குட்டியின் தொடையைப் பாப்பாத்தி கிள்ளிய கிள்ளில் அவன் கண்ணில் நீர் வந்தது. தெருமுனையில் தண்ணீர் லாரி வந்து ஹாரன் அடித்தது. விட்டு விட்டு அடித்தது. ஒருத்தர்கூட அசையவில்லை, குடங்கள் வாசலில் கிடந்தன. டிரைவர் இறங்கி, ஊருக்கு என்ன ஆச்சு என்று வந்து பார்த்துவிட்டு, அவரும் வாளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

சம்பூர்ணம் மறுபடியும் தண்ணீரை மாற்றி, தோள்வரை கையை உள்ளே விட்டு, யாரையும் பார்க்காமல், "சோறு ஆறுதுங்க," என்றாள்.

நுரை விலகியது.

"பை நனஞ்சு போச்சுங்க, அம்மிணி."